சொன்னால் புரியாது, காட்டினால் புரியும்: செட்டிநாட்டிலிருந்து வியட்நாமுக்குத் தனியே போகிறவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

குழுப் பயணத்தில் சேராமல், வீட்டு ஆட்கள் நாலைந்து பேராகச் சைகோன் (இன்றைய ஹோ சி மின் நகரம்) போகலாம் என்று காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் நிறையப் பேர் கிளம்புகிறார்கள். நகரத்தார் அங்கே எழுப்பிய தெண்டாயுதபாணி கோயிலைக் கும்பிட வேண்டும், மாரியம்மனைப் பார்க்க வேண்டும், முடிந்தால் ரயிலேறி ஹுவே, ஹனோய் வரை போய்வர வேண்டும் என்பது பலரின் ஆசை. டிக்கெட்டும் விசாவும் கைபேசியிலிருந்தே எடுத்துவிடலாம். சிக்கல் போய் இறங்கிய பிறகுதான். பெரிய ஹோட்டல்களை விட்டு வெளியே வந்தால் ஆங்கிலம் அதிகம் செல்லாது, தமிழ் சுத்தமாகச் செல்லாது.

அங்கே நேரும் கோளாறுகளை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறோம். எது நடக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். முதல் பகுதியை மட்டும் ஊரில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். பின்னால் வரும் தீர்வுகளில் பாதி அதை நம்பித்தான் இருக்கின்றன. வியட்நாம் சொற்களை இங்கே தமிழில் எழுதியிருப்பது காதில் விழுந்தால் அடையாளம் தெரிவதற்காக மட்டும். இதைப் பார்த்து வாசித்துக் காட்டினால் அங்கே யாருக்கும் புரியாது.

புறப்படுமுன்: சீட்டுக்கட்டு

ஒரு ஏ4 தாளை நான்காகப் பிரித்தால் வரும் அளவில் எட்டு சீட்டுகள் போதும். ஒவ்வொன்றிலும் மேலே வியட்நாம் எழுத்தில் பெரிதாக ஒரே ஒரு செய்தி. கீழே, அது என்ன சீட்டு என்று உங்களுக்குத் தெரியும்படி தமிழில் ஒரு வரி. எட்டு சீட்டுகள் இவை: ஹோட்டல் முகவரி, முதல் கோயில், இரண்டாவது கோயில், சாப்பாடு, மருந்தும் நோயும், "விலையை எழுதிக் காட்டுங்கள்", "கழிப்பறை எங்கே", "இந்த எண்ணுக்கு போன் போட்டு நீங்களே பேசுங்கள்".

தயாரிக்கும் முறையில்தான் கவனம் வேண்டும். செய்தியை மொழிபெயர்ப்புச் செயலியில் சிறு வாக்கியமாக அடியுங்கள். வந்த வியட்நாம் வாக்கியத்தை நகலெடுத்து, அதே செயலியில் திருப்பிப் போட்டுத் தமிழிலோ ஆங்கிலத்திலோ என்ன வருகிறது என்று பாருங்கள். பொருள் மாறினால் வாக்கியத்தை இன்னும் சுருக்குங்கள். முகவரியை மட்டும் மொழிபெயர்க்கவே கூடாது. ஹோட்டலின் உறுதிச் சீட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுக்க வேண்டும். பிறகு பிடிஎஃப் ஆக்கி, டிடிபி கடையில் அப்படியே பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்யுங்கள். கடைக்காரர் "நான் அடிச்சுத் தர்றேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வியட்நாம் எழுத்தின் மேலும் கீழும் வரும் கோடு, புள்ளி, கொக்கி எல்லாம் நம் ஊர் ஃபான்டுகளில் உதிர்ந்துவிடும். அவை உதிர்ந்தால் சொல்லே மாறிவிடும்.

போய் இறங்கிய முதல் இரவு, ஹோட்டல் வரவேற்பில் ஆங்கிலம் தெரிந்தவரிடம் எட்டையும் காட்டி, தப்பு இருந்தால் பேனாவால் திருத்தித் தரச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. பயணம் முழுக்க இதற்கு இணையான உதவி வேறு கிடைக்காது.

அறிகுறி: திருச்சி விமான நிலைய கவுண்டரிலேயே நிறுத்திவிட்டார்கள்

பெரும்பாலும் இ-விசாவில் பெயர்ப் பிழை. நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். விண்ணப்பத்தில் இனிஷியல் போடுவது, பெயரைச் சுருக்குவது எல்லாம் கூடாது. பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரி நீளமாக ஓடுகிறதே, அதில் உள்ள பெயர் எழுத்துகள் அத்தனையும் விசாவிலும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் எண்ணையும் பிறந்த தேதியையும் இருவர் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

கட்டணம் ஒரு முறை நுழைய 25 டாலர், பல முறை நுழைய 50 டாலர், அதிகபட்சம் 90 நாள். இதைவிடப் பல மடங்கு கேட்கும் இணையதளம் அரசுத் தளமல்ல, இடைத்தரகர் தளம். விசாவைத் தாளில் இரண்டு பிரதி எடுங்கள்.

சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாகப் போனால் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் நடுவில் பெட்டியை வாங்கி மறுபடி போட அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கும். சிங்கப்பூரில் அதற்குத் தனி விசா கேட்பார்கள்.

அறிகுறி: இடத்தின் பெயரை எத்தனை முறை சொன்னாலும் டாக்சிக்காரர் விழிக்கிறார்

காரணம் உச்சரிப்பு அல்ல, தொனி. வியட்நாம் மொழியில் ஆறு தொனிகள் உண்டு. "மா" என்ற ஒரே ஒலியைத் தூக்கி, இறக்கி, வெட்டி, வளைத்துச் சொன்னால் பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நெல் நாற்று என்று ஆறு பொருள் வரும். நாம் உரக்கச் சொன்னால் இன்னும் மோசம், ஏனென்றால் குரலை உயர்த்தும்போது தொனியும் மாறிவிடுகிறது.

தமிழில் குறித்து வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இன்னொரு இடைஞ்சல். நமக்கு "க" ஒரே எழுத்து. அதனால் அங்கே மீன், கோழி, கத்தரிக்காய், ரயில் நிலையம் நான்கையும் "கா" என்றுதான் நோட்டில் எழுதுவோம். மாட்டிறைச்சியும் வெண்ணெயும் இரண்டும் "போ" ஆகிவிடும். அவர்கள் காதுக்கு இவை ஒன்றோடொன்று ஒட்டாத சொற்கள்.

நமக்குச் சாதகமும் ஒன்று உண்டு. சொல்லின் தொடக்கத்தில் ங, ஞ வருவது பல வெளிநாட்டாருக்கு நாக்கில் ஏறாது. நமக்கு எழுத்துக்கூட்டத்திலேயே இருக்கிறது. பலகையில் என், எச் இரண்டும் சேர்ந்து வந்தால் அது ஞானத்தின் ஞ. வீட்டுக்கு "ஞா" என்று பெயர். என், ஜி சேர்ந்து வந்தால் ங. பலகைகளை வாசிக்க இது உதவும். பேசுவதற்குப் போதாது.

தீர்வு: பெயரைச் சொல்லவே சொல்லாதீர்கள். சீட்டை நீட்டுங்கள். அவர் வாசித்துவிட்டுத் தன் வாயால் சொல்லும்போது கேட்டுக்கொள்ளுங்கள். கோயில்களுக்குத் தெருவும் கதவிலக்கமும்தான் முக்கியம். தெண்டாயுதபாணி கோயில் தோன் தத் தியெப் தெருவில் 66-ஆம் எண். மாரியம்மன் கோயில் ச்ரூங் டின் தெருவில் 45-ஆம் எண். மாரியம்மன் கோயிலை உள்ளூரார் "சுவா பா அன்", அதாவது இந்திய அம்மன் கோயில் என்பார்கள். "இந்து டெம்பிள்" என்றால் நகரத்தில் வேறு கோயிலுக்கும் கூட்டிப்போய் விடலாம்.

அறிகுறி: முகவரி சரி, ஆனால் அந்த எண்ணில் அந்த வீடு இல்லை

நம் பக்கம் விலாசம் என்றால் வீட்டாரின் இனிஷியல் வரிசையையும் குறிக்கும். அதைச் சொன்னாலே ஆட்டோக்காரர் வளவு வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். அங்கே எல்லாம் எண்தான், எண்ணுக்கு இலக்கணமும் உண்டு. முகவரியில் 15/7 என்று இருந்தால் அது பதினைந்தாம் வீடும் அல்ல, ஏழாம் வீடும் அல்ல. பெருந்தெருவில் 15-ஆம் எண்ணை ஒட்டி உள்ளே போகும் சந்தில் ஏழாவது கதவு. 15/7/3 என்றால் அந்தச் சந்துக்குள் இன்னொரு சந்து. கார் அங்கே நுழையாது. பெருந்தெருவில் இறங்கி நடக்க வேண்டும் என்பதை முன்பே மனத்தில் வையுங்கள், பெட்டி இழுக்கிறவர்களுக்கு இது முக்கியம்.

அடுத்தது, ஒரே தெருப் பெயர் ஊருக்கு ஊர் இருக்கும். நம்மூரில் காந்தி ரோடு மாதிரி அங்கே லே லோய், ச்சன் ஹுங் டாவ். வரைபடச் செயலியில் தெருவை மட்டும் அடித்தால் பக்கத்து ஊருக்கு வழி காட்டிவிடும். ஊர்ப் பெயரும் சேர்த்து அடிக்க வேண்டும்.

2025 ஜூலை 1 முதல் அந்த நாட்டில் மாவட்ட அடுக்கையே எடுத்துவிட்டார்கள், மாகாணங்களையும் 63-லிருந்து 34 ஆக இணைத்துவிட்டார்கள். அதனால் பழைய பதிவில் "குவன் 1" (முதல் மாவட்டம்) என்று இருக்கும் இடம் புதிய பதிவில் வார்டு பெயரோடு மட்டும் இருக்கும். இரண்டும் ஒரே இடம்தான். தெருவும் எண்ணும் மாறவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். மக்கள் வாயில் பழைய பெயரே புழங்குகிறது.

நிற்கும் இடம் எது என்றே தெரியாமல் போனால் நிமிர்ந்து எந்தக் கடைப் பலகையையும் பாருங்கள். வியட்நாமில் கடைப் பலகையின் அடியில் கதவிலக்கம், தெரு எல்லாம் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் படமெடுத்து கிராப் (வாடகை வண்டிச் செயலி) ஓட்டுநருக்குச் செயலியின் அரட்டையில் அனுப்பினால் சந்து பொந்தாக இருந்தாலும் வந்துவிடுவார். அவர் போன் செய்தால் எடுத்துப் பேச முயலாதீர்கள், இருவருக்கும் நேரம்தான் போகும். எழுதுங்கள், படம் அனுப்புங்கள், வண்டி எண்ணைச் சரிபாருங்கள்.

அறிகுறி: சைவம் என்று சொன்னோம், தட்டில் மீன் வாடை அடிக்கிறது

அங்கே "இறைச்சி இல்லை" என்றால் கண்ணுக்குத் தெரியும் கறித்துண்டு இல்லை என்று பொருள். மீனைப் புளிக்கவைத்து எடுக்கும் நுவக் மம் என்ற சாறு அவர்களுக்கு உப்பு மாதிரி. கீரை வதக்கலில் சிப்பிச் சாறு விழும். நூடுல்ஸ் கொதிப்பது எலும்புச் சாற்றில். சமைப்பவர் ஏமாற்றவில்லை, அவர் கணக்கில் அது காய்கறிதான்.

நீங்கள் கேட்க வேண்டிய சொல் "சாய்". புத்த மதத்தார் விரதச் சாப்பாடு அது. "அன் சாய்" என்றால் சைவச் சாப்பாடு உண்பது. "கம் சாய்" என்று பலகை போட்ட கடை முழுச் சைவக் கடை, கம் என்றால் சோறு. வியட்நாம் எழுத்தில் அந்தச் சொல் (chay) எப்படி இருக்கும் என்று கண்ணில் பதியவைத்துக்கொள்ளுங்கள், இரண்டு தெருவுக்கு ஒன்றாவது தட்டுப்படும். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் நிறையப் பேர் சாய் சாப்பிடுவார்கள். ஏறத்தாழ நம் அமாவாசையும் பௌர்ணமியும்தான். அன்றைக்கு அசைவக் கடைகளிலும் சாய் கிடைக்கும், ஆகவே பயணத் தேதியைப் பஞ்சாங்கம் பார்த்து வைத்தாலும் தகும்.

சாய் கடையில் பயந்துவிடாதீர்கள். தட்டில் கோழித் தொடை மாதிரி, இறால் மாதிரி, மீன் துண்டு மாதிரி வரும். எல்லாம் சோயாவிலும் மாவிலும் செய்தது. முட்டை மட்டும் கடைக்குக் கடை மாறும்.

சாப்பாட்டுச் சீட்டில் "சைவம்" என்ற ஒரு சொல்லை மட்டும் மொழிபெயர்த்துப் போடாதீர்கள். தமிழில் அதற்குச் சமயம் என்றும் பொருள், உணவு என்றும் பொருள், இயந்திரம் எதை எடுத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. இப்படி எழுதுங்கள்: "நான் சாய் சாப்பிடுகிறேன். இறைச்சி வேண்டாம். மீன், இறால் வேண்டாம். மீன் சாறு வேண்டாம். சிப்பிச் சாறு வேண்டாம். பன்றிக் கொழுப்பு வேண்டாம். எலும்புச் சாறு வேண்டாம். முட்டை வேண்டாம்." ஒவ்வொன்றும் தனி வரி. சமையல் செய்பவர் கையில் கொடுத்து விரலால் ஒவ்வொரு வரியாகக் காட்டுங்கள்.

கோழியும் மீனும் சரி, மாடு மட்டும் ஆகாது என்கிறவர்களுக்குத் தனிச் சீட்டு வேண்டும். ஃபா என்ற நூடுல்ஸ் சூப்பில் மாட்டு வகையும் கோழி வகையும் உண்டு. இரண்டும் விற்கும் கடையில் சாறு ஒரே அண்டாவாக இருக்கலாம். கோழி மட்டும் விற்கும் கடையைத் தேடுங்கள்.

வயிற்றுக்கு ஒன்றும் ஒத்துவராத நாளில் "கம் சாங்", வெறும் வெள்ளைச் சோறு, எந்தச் சோற்றுக்கடையிலும் கிடைக்கும். வீட்டிலிருந்து கொண்டுபோன பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் இருந்தால் போதும். புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரிய நன்றாகச் சுருளவிட்டு, ஆறியபின் இரட்டைக் கவரில் கட்டிச் செக்-இன் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் 100 மில்லி விதியில் பிடுங்கிவிடுவார்கள், குழம்பையும் திரவமாகத்தான் எண்ணுவார்கள்.

அறிகுறி: தலையாட்டினோம், நேர்மாறாகச் செய்துவிட்டார்கள்

நாம் சரி என்பதற்குத் தலையை இரு பக்கமும் சாய்த்து ஆட்டுகிறோம். அங்கே பக்கவாட்டில் அசைந்தாலே வேண்டாம் என்பதற்கு நெருக்கம். "சோறு இன்னும் வேணுமா?" என்று கரண்டியோடு நிற்பவர், நம் ஆட்டலைப் பார்த்துப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மேலும் கீழுமாக ஒரே ஒருமுறை அசையுங்கள். குடும்பத்தில் எல்லோரும் ஊரிலேயே இரண்டு நாள் பழகிப் பாருங்கள். பிறந்ததிலிருந்து வந்த பழக்கம், நினைத்தவுடன் நிற்காது.

அவர்கள் பக்கத்து சைகை ஒன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கையை உயர்த்தி, விரல்களை விரித்து, மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருகினால் "இல்லை, தீர்ந்துவிட்டது, முடியாது" என்று பொருள். டாட்டா காட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள் நம்மவர்கள். கூப்பிடும்போது உள்ளங்கை கீழே பார்க்க விரல்களை அசைக்க வேண்டும். ஒற்றை விரலை மேல்நோக்கி வளைத்துக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு.

"யா" அல்லது "ஸா" என்று அடிக்கடி காதில் விழும். ஆமாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் "ம், சொல்லுங்க" மாதிரி, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதுதான். ஆகவே ஆமாம்-இல்லை கேள்வியே கேட்காதீர்கள். "இந்த பஸ் ஹுவே போகுமா?" என்றால் "யா" வரும், பஸ் வேறெங்கோ போகும். ஹுவே என்று எழுதிய சீட்டை நீட்டி, நிற்கும் பஸ்களைக் கையால் வரிசையாகச் சுட்டி, எது என்பதுபோல் பாருங்கள். அவரே விரலை நீட்டிக் காட்டினால்தான் அது பதில்.

அறிகுறி: கூப்பிட்டால் யாரும் திரும்புவதில்லை

"எக்ஸ்கியூஸ் மீ" அங்கே எடுபடாது. ஆனால் செட்டிநாட்டாருக்கு அவர்கள் முறை உடனே பிடிபடும், ஏனென்றால் அவர்களும் உறவு வைத்தே கூப்பிடுகிறார்கள். அண்ணன் வயதுக்கு "ஆன்", அக்கா வயதுக்கு "சி", தம்பி தங்கைக்கு "எம்", அத்தை வயதுக்கு "கோ", சித்தப்பா வயதுக்கு "சூ", அப்பத்தா வயதுக்கு "பா", தாத்தா வயதுக்கு "ஓங்". பின்னால் நம் "ஓய்" போலவே ஒன்றைச் சேர்த்தால் கூப்பிடும் சொல்லாகிவிடும்: "எம் ஓய்", "சி ஓய்". பரிமாறும் சின்னப் பையனை "எம் ஓய்" என்று கூப்பிட்டால் தவறே இல்லை, எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வயது சந்தேகமாக இருந்தால் ஒரு படி கூட்டி மரியாதையாகக் கூப்பிடுங்கள். நம் ஊரில் முகம் தெரியாத அம்மாவை ஆச்சி என்போமே, அந்தக் கணக்கு. தொனி பிசகினாலும் இந்தச் சொற்கள் பிழைத்துக்கொள்ளும், சூழலே புரியவைத்துவிடும். நன்றிக்கு "காம் அன்". வாயால் பேச முயல வேண்டியது இவ்வளவுதான்.

அறிகுறி: எத்தனை பூஜ்யம் என்று தெரியாமல் பணம் போகிறது

ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டோங் வரும், போகிற நாளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மனக்கணக்கு இது: கடைசி மூன்று பூஜ்யத்தை வெட்டு, ஒரு பூஜ்யம் சேர், மூன்றால் வகு. 85,000 என்றால் 85, பிறகு 850, மூன்றால் வகுத்தால் 283 ரூபாய்.

எல்லாக் குழப்பமும் வெட்டிய மூன்று பூஜ்யத்தில்தான். பட்டியலில் 45 என்றோ 45கே என்றோ போட்டிருந்தால் 45,000. டாக்சி மீட்டரில் 62.0 என்று ஓடினால் 62,000. அவர்கள் ஆயிரத்துக்குக் காற்புள்ளி போடாமல் புள்ளி வைப்பார்கள், அதை நம் பைசாப் புள்ளி என்று வாசிக்கக்கூடாது. வாயால் சொல்லும்போது "ஐம்பது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆயிரத்தை விழுங்கிவிடுவார்கள். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் சொற்கள் முன்பின்னாக மாறி வருவதால் காது ஏமாறும். கால்குலேட்டரை நீட்டி அடிக்கச் சொல்லுங்கள், அல்லது விலைச் சீட்டைக் காட்டுங்கள்.

நோட்டுகளில் கண் ஏமாறும் இடமும் உண்டு. 20,000 நீலம், 5,00,000-மும் நீலம். முதலாவது 67 ரூபாய், இரண்டாவது 1,670 ரூபாய்க்குப் பக்கம். மங்கிய விளக்கில் டாக்சிக்குள் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். ஐந்து லட்சம் நோட்டுகளைத் தனி உறையில் வைத்து, செலவுக்குச் சில்லறையை மட்டும் சட்டைப்பையில் வையுங்கள். 10,000-க்கு மேல் எல்லாம் வழவழப்பான பாலிமர் நோட்டு, புதிதாக இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கொடுக்குமுன் தேய்த்துப் பிரித்து எண்ணுங்கள்.

அறிகுறி: செயலியில் பேசிக் காட்டினால் சிரிக்கிறார்கள் அல்லது முகம் மாறுகிறது

பேச்சுத் தமிழை அது சரியாகப் பிடிக்காது. எழுவாய் இல்லாத வாக்கியத்தில் யார் யாருக்குச் செய்வது என்று அதுவே ஊகித்துக்கொள்ளும். "ஆறு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போங்க" என்று சொன்னால் ஆறு எண்ணா, நதியா என்பதில் தொடங்கி, யாரை, எங்கிருந்து, எங்கே என்பது வரை எல்லாமே ஊகம். இப்படி அடியுங்கள்: "காலை 06:00. ஹோட்டல் வாசல். 4 பேர். விமான நிலையம்." எண்ணை எண்ணாகவே எழுதுங்கள். "நாளை மறுநாள்" வேண்டாம், 14/03 என்று தேதி போடுங்கள். மாலை ஆறு என்றால் 18:00.

தமிழ், வியட்நாம் இரண்டு மொழிப் பொதிகளையும் தரவிறக்கி வையுங்கள், மலைப்பக்கம் போனால் இணையம் அறுந்தாலும் எழுத்து மொழிபெயர்ப்பு ஓடும். கேமராவை உணவுப் பட்டியல் மேல் பிடித்துப் பார்க்கும் வசதி நல்லதுதான், கையெழுத்துப் பலகைகளில் மட்டும் அதை நம்ப வேண்டாம்.

அறிகுறி: ஓடிபி வரவில்லை, கார்டு ஓடவில்லை

இந்திய வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பொதுவாக அணைத்தே இருக்கும். வங்கிச் செயலியில் நீங்களே திறக்க வேண்டும், ஏடிஎம்முக்கும் கடைக்கும் தனித்தனி. இந்திய சிம்மில் ரோமிங்கை ஊரிலேயே இயக்கி, டேட்டாவை மட்டும் அணைத்து வையுங்கள், குறுஞ்செய்தி வந்தால் போதும். இணையத்துக்கு அங்கே விமான நிலையத்தில் பாஸ்போர்ட் காட்டி உள்ளூர் சிம் வாங்கலாம். கிராப் செயலியையும் இங்கேயே நம் எண்ணில் பதிந்துவிடுங்கள். ஜிபேயை நம்பிக் கிளம்பாதீர்கள். ஏடிஎம் திரையில் "ரூபாயில் மாற்றித் தரவா" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள், டோங்கிலேயே எடுப்பதுதான் லாபம்.

அறிகுறி: ரயில் டிக்கெட்டில் ஊர்ப் பெயரே இல்லை

ஹோ சி மின் நகர நிலையத்துக்குப் பெயர் இன்றும் சைகோன்தான். டிக்கெட்டிலும் அப்படித்தான் இருக்கும். அங்கிருந்து ஹனோய் 1,726 கிலோமீட்டர், 30 மணி நேரத்துக்கு மேல். வயதானவர்களோடு ஒரே மூச்சில் போக வேண்டாம், நடுவில் இறங்கி இரண்டாகப் பிரியுங்கள். பெட்டி எண், படுக்கை எண், தட்டு எண் மூன்றும் டிக்கெட்டில் இருக்கும். தட்டு 1 என்றால் கீழ்ப்படுக்கை. பெரியவர்களுக்கு அதைப் பதிவின்போதே கேட்டு வாங்குங்கள், வண்டிக்குள் சைகையில் மாற்றிக்கொள்வது கடினம்.

இரவு பஸ்ஸில் செருப்பைக் கழற்றிக் கவரில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். இறங்கும் இடம் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரமாக இருக்கலாம், டிக்கெட் எடுக்கும்போதே வரைபடத்தில் குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். வரைபடத்தில் புள்ளி நெருங்குவதைப் பார்த்து நீங்களே எழுந்துகொள்ள வேண்டியதுதான், கண்டக்டர் சொல்வது புரியாது. சார்ஜரும் உருண்டைக் கால் இரண்டு முள் உள்ளதாக இருக்கட்டும், நம் மூன்று முள் பிளக் அங்கே இறங்காது.

சாலையைக் கடக்க முடியாமல் நிற்கிறீர்கள் என்றால்: மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே ஒரே சீரான நடை, ஓடவும் கூடாது, பின்வாங்கவும் கூடாது. கார், பஸ் வந்தால் மட்டும் நில்லுங்கள்.

அறிகுறி: உடம்பு முடியவில்லை, என்ன என்று சொல்லத் தெரியவில்லை

பச்சை நிறப் பலகையில் "ஞா துவக்" என்று இருப்பது மருந்துக் கடை. நம் ஊர் மருந்தின் விற்பனைப் பெயர் அவர்களுக்குத் தெரியாது. அட்டையில் அதற்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள மூலப்பெயரும் மில்லிகிராமும்தான் அங்கே புரியும். பாரசிட்டமால் 500 என்று காட்டினால் எடுத்துத் தந்துவிடுவார்கள். வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடியை அங்கே "ஓரெசோல்" என்பார்கள். தினசரி மருந்துகளை அட்டையோடு, பயண நாளுக்கு மேல் ஒரு வாரம் கூடுதலாகக் கொண்டுபோங்கள். மருத்துவர் சீட்டும் மூலப்பெயரில் இருக்கட்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காபி ஆபத்து, அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கெட்டிப்பால் ஊற்றித்தான் தருவார்கள். "சர்க்கரை வேண்டாம், பால் வேண்டாம்" என்று சீட்டில் இரண்டு வரியாக எழுதுங்கள். சர்க்கரைக்கும் சாலைக்கும் அவர்கள் மொழியில் ஒரே சொல், ஆகவே திருப்பிப் போட்டுச் சரிபார்க்கும்போது "சாலை இல்லை" என்று வந்தால் பதற வேண்டாம், கடையில் சரியாகவே புரியும்.

அவசர எண்கள்: காவல் 113, தீ 114, ஆம்புலன்ஸ் 115. நீங்கள் கூப்பிட்டுப் பேசிப் பயனில்லை. பக்கத்தில் உள்ளவரிடம் "போன் போட்டு நீங்களே பேசுங்கள்" சீட்டைக் கொடுத்து, எண்ணைக் காட்டுங்கள்.

அறிகுறி: பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது

முதலில் ஹோட்டலைக் கேளுங்கள். தங்குபவர் விவரத்தைக் காவல்துறையில் பதிய அவர்கள் பாஸ்போர்ட்டை வாங்குவார்கள், சில இடங்களில் திருப்பித் தர மறந்துவிடுவார்கள். பதிந்ததும் கேட்டு வாங்கிவிடுவதே நல்லது. நிஜமாகவே தொலைந்திருந்தால் வரிசை இது: உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார்ச் சான்று, அதைக் கொண்டு ஹோ சி மின் நகர இந்தியத் துணைத் தூதரகத்திலோ ஹனோய் தூதரகத்திலோ அவசரச் சான்றிதழ், அதன் பிறகு வியட்நாம் குடிவரவு அலுவலகத்தில் வெளியேற அனுமதி. மூன்றாவதை மறந்துவிட்டு விமான நிலையம் போனால் ஏற்ற மாட்டார்கள். புகார் கொடுக்கப் போகும்போது ஹோட்டலிலிருந்து ஒருவரைக் கூட அழைத்துப்போங்கள், அந்தச் சான்றில் பெயர் எழுத்துப் பிழை வந்தால் அடுத்த இரண்டிலும் தொடரும்.

அறிகுறி: அப்பத்தாவைக் காணவில்லை

பென் தான் சந்தை மாதிரிக் கூட்டத்தில் நிமிடத்தில் நடந்துவிடும். தமிழ் மட்டுமே தெரிந்தவர், கையில் போன் இருந்தாலும் திறக்கத் தெரியாதவர் என்று எண்ணித் திட்டமிடுங்கள்.

ஹோட்டலின் விசிட்டிங் கார்டு ஒன்று, அதன் பின்பக்கம் உங்கள் உள்ளூர் சிம் எண், ஹோட்டல் வாசலின் புகைப்படம், ஒரு ஐந்து லட்சம் டோங் நோட்டு. இவை நான்கையும் சிறு ஜிப் கவரில் போட்டு முந்தானையிலோ இடுப்புச் சுருக்குப்பையிலோ முடிந்துவிடுங்கள். கவருக்குள் வியட்நாம் எழுத்தில் சீட்டு ஒன்றும் வேண்டும்: "இவருக்கு உங்கள் மொழி தெரியாது. தயவுசெய்து இந்த எண்ணுக்கு போன் செய்யுங்கள்." அவரிடம் சொல்லிவைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: எங்களைக் காணவில்லை என்றால் தேடி நடக்கக்கூடாது, நின்ற இடத்திலேயே நின்று, பக்கத்துக் கடையில் இருக்கும் பெண்ணிடம் கவரைக் கொடு. ஊரில் கிளம்புமுன் வீட்டு முகப்பில் வைத்து இரண்டு முறை எடுத்துக் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். முடிச்சு இறுக்கமாக இருந்து விரல் நுழையவில்லை என்றால், பைக்குப் பதில் கழுத்துக் கயிற்றில் மாட்டிவிடுங்கள்.